கற்பிட்டித் தீவுகளில் விருந்தினர்

1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து புறப்பட்ட ஒரு மரக்கலம் காற்றின் போக்கினால் இலங்கையின் மேற்குக் கரையை வந்தடைந்தது. அதில் வந்தவர் மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பதூதா. தாம் இறங்கிய ஊரை அவர் 'பத்தாலா' என்று குறிக்கின்றார். அது புத்தளம் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, வேண்டியதைத் தயங்காது கேட்கும்படி சொன்னார். பாவா ஆதம் மலையிலுள்ள திருவடிச் சுவட்டைக் காணவேண்டும் என்பதொன்றையே அந்த விருந்தினர் வேண்டினார். மன்னர் பல்லக்கையும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும், உணவு சுமக்க ஆட்களையும் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்.

கடல் கடந்து வந்தவனுக்கு இடங்கொடுத்தல் இக்கரைக்குப் பழகிய ஒழுக்கம். நம் காலத்திலும் அதைக் கண்டோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் படகேறி வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் தங்குமிடமாயின.

ஆயினும் இன்று நான் பேச வந்தது வேறு வகையான விருந்தினரைப் பற்றி. காசு கொடுத்துத் தங்குகின்ற உல்லாசப் பிரயாணிகள் இப்போது கற்பிட்டிக்கு வருகின்றார்கள். அவர்கள் எந்தக் கூரையின் கீழ்த் தங்க வேண்டும், அந்தக் கூரை யாருக்குச் சொந்தமாயிருக்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

முதலில் இடத்தைத் தெரிந்து கொள்வோம். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியிலிருந்து பிரியும் வீதி ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே சென்று கற்பிட்டியை அடைகின்றது. ஒருபுறம் புத்தளம் களப்பு. மறுபுறம் திறந்த கடல். நடுவே மணலாலான ஒடுங்கிய நிலம். ஊரின் ஓரத்திலே ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கின்றது. 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலை எழுதிய சைமன் காசிச்செட்டி பிறந்த ஊரும் இதுவே. இதற்கு வடக்கே உச்சமுனை, இப்பன்தீவு, பத்தலங்குண்டு முதலிய தீவுகள் மன்னார் வளைகுடாவை நோக்கிப் பரந்து கிடக்கின்றன. பெரிதும் சிறிதுமாகப் 14 தீவுகள் என்று கணக்கிடுவர். இங்கே வாழ்வோர் மீனவர். தமிழும் சிங்களமும் ஒரே கரையிற் கேட்கும்.

இத்தீவுகளிலே வெளியூரார் தங்கும் வழக்கம் புதிதன்று. நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்தவர்கள் கிடுகு வேய்ந்த வாடிகளை அமைத்துத் தங்கினார்கள். வாடி என்பது மணலில் நட்ட சில கம்பங்களும் மேலே சிறிது கிடுகுந்தான். பருவம் முடிந்து பிரித்தெடுத்தால் நிலத்தில் நான்கு குழிகள் எஞ்சும். ஒரு மழையில் அவையும் மறைந்துவிடும். சூழலைக் கெடுக்காத விடுதி என்று இன்று உலகெங்கும் பேசுகின்றார்களே, அதன் இலக்கணம் அந்த வாடியிலே இருக்கின்றது. அது வறுமையின் வீடுமாகும் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆகையால் வாடிக்குத் திரும்புங்கள் என்று யாருக்கும் போதிக்க நான் வரவில்லை. அந்த வாடி எதை அறிந்து கட்டப்பட்டது என்பதையே கவனிக்கச் சொல்லுகின்றேன்.

அது முதலாவதாக அறிந்தது தண்ணீரை. மணற்றீவிலே ஆறில்லை, குளமில்லை. பெய்கின்ற மழை மணலுக்குள் இறங்கி, கீழே ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சற்று இலேசானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. கேட்பதற்கு இது மகிழ்ச்சியான செய்தி. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும்! வாளியால் அள்ளும்வரை கிணறு தாங்கும். இயந்திரம் பூட்டி இரவும் பகலும் இறைத்தால், கீழிருந்து உவர்நீர் கூம்புபோல மேலெழுந்து கிணற்றுக்குள் வந்துவிடும். அவ்வாறு உவர்த்த கிணறு ஒரு மழையில் திருந்துவதில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அடியிலும் நிற்பது இதே நீர்தான்.

இனி, நீச்சற்குளமும் புற்றரையும் நாள்தோறும் மாற்றும் படுக்கை விரிப்புகளும் உள்ள ஒரு பெரிய ஹோட்டலை இம்மணலின்மேல் வைத்துப் பாருங்கள். கடல்நீரை நன்னீராக்கும் பொறியை அமைக்கலாம் என்பார்கள். அமைக்கலாம். அதற்கு மின்சாரம் வேண்டும். எஞ்சும் கடும் உப்புநீரை எங்கேயாவது கொட்டவும் வேண்டும். கொட்டுமிடம் பெரும்பாலும் மீன் குஞ்சு பொரிக்கின்ற களப்பாகவோ கரையோரக் கடலாகவோதான் இருக்கும்.

இரண்டாவது, கரை. வெளியூராருக்கு வெறும் வெண்மணலாகத் தோன்றுகின்ற இடத்திலே மீனவன் ஒரு தொழிற்சாலையைக் காண்கின்றான். இங்கே கரைவலை இழுக்கும் பாடு. அங்கே படகு ஏற்றும் துறை. அதற்கப்பால் கருவாடு காயும் இடம். இவற்றுக்குக் காணி உறுதி இல்லாமல் இருக்கலாம்; தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை உண்டு. வேலியொன்று கடல்வரை நீண்டுவிட்டால் அந்த உரிமை ஒரே நாளில் அற்றுப்போகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே கற்பிட்டியையும் 14 தீவுகளையும் சேர்த்து மாபெரும் உல்லாசப் பயணத் திட்டமொன்று அரசாங்கத்தால் வகுக்கப்பட்டது. ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலம், 10,000 படுக்கைகள், உள்நாட்டு விமான நிலையம் என்று திட்டம் விரிந்தது. 2010ஆம் ஆண்டில் உள்நாட்டு மீனவர் அமைப்புகளும் பிறநாட்டு அமைப்புகளும் சேர்ந்த உண்மையறியும் குழுவொன்று அங்கு சென்று மக்களை விசாரித்தது. நிலம் கைமாறுவது குறித்தும் கடலுக்குச் செல்லும் பாதைகள் அடைபடுவது குறித்தும் மீனவர்கள் முறையிட்டார்கள். வகுத்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழுவதற்குப் பதிலாக ஆலங்குடா, கண்டக்குளி முதலிய கரைகளிலே சிறு விடுதிகள் தோன்றின. காற்றாடிச் சறுக்கல் விளையாட வருவோரும், நவம்பர் தொடக்கம் ஓங்கில்களையும் திமிங்கிலங்களையும் காண வருவோரும் அவற்றை நிரப்புகின்றார்கள். அவற்றுட் சில ஊராருடையவை. பல கொழும்பாருடையவும் பிறநாட்டாருடையவும்.

நமக்குப் பாடமாக மாலைதீவையே பார்க்கலாம். 1972ஆம் ஆண்டில் அங்கே உல்லாசப் பயணத்துறை தொடங்கியபோது, மக்கள் வாழாத தீவுகளிலேயே விடுதிகள் அமைந்தன. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை. பணம் பெருகிற்று, ஆனால், பக்கத்துத் தீவில் வாழ்ந்த குடும்பத்துக்கு விருந்தினரின் முகமே தெரியாது. 2009ஆம் ஆண்டளவில் விதிகள் தளர்ந்து, மக்கள் வாழும் தீவுகளிலும் ஊரார் விருந்தினர் இல்லம் நடத்த வழி பிறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளிலே சாதாரணக் குடும்பங்கள் அறைகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கத் தொடங்கின. கூடவே நெரிசலும் குப்பையும் வந்தன. சொந்தக்காரன் ஊரவன் என்பதனால் மட்டும் கடல் தூய்மையாகிவிடாது என்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதியே.

அப்படியானால் ஊரவனுடைய வீட்டிலே தங்குவதால் என்ன சிறப்பு என்று நீங்கள் கேட்கலாம். பெரிய ஹோட்டல் வேலை தருகின்றதே என்றும் கேட்கலாம். வேலை தருகின்றது, உண்மை. ஆனால், 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் குண்டுகள் வெடித்தபோதும், 2020இல் நோய் பரவியபோதும், 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோதும் என்ன நடந்தது? விருந்தினர் வரவு சுருங்கிற்று. சம்பளத்தை மட்டும் நம்பியவன் வெறுங்கையோடு நின்றான். வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்ட மீனவனோ, அறைகளைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போனான். அவனுக்கும் நட்டமே; எரிபொருள் கிடைக்காமல் அவனும் தவித்தான். ஆயினும் வீடு வீடாகவே இருந்தது. கரை அவனுடைய கரையாகவே இருந்தது. விருந்து அவனுக்கு இரண்டாவது வருவாய்; கடல் முதலாவது. அந்த ஒழுங்கு குலையாதிருப்பதே தீவுக்குப் பாதுகாப்பு.

மேலும், அவனுடைய விருந்தினர் குளிக்கும் கிணறும் அவனுடைய பிள்ளைகள் குடிக்கும் கிணறும் ஒன்று. கிணற்றருகே மலக்குழி தோண்டினால் முதலில் நோய் காண்பது அவன் குடும்பம். தூரத்து முதலாளி உவர்த்த கிணற்றைக் கணக்கிலே செலவாக எழுதிவிட்டு வேறு தீவுக்குப் போகலாம். தீவான் எங்கே போவான்?

இருந்தாலும் ஊராரிடமும் நாம் சில சொல்ல வேண்டும். ஓங்கில் கூட்டமொன்றைக் கண்டதும் பல படகுகள் நாற்புறமும் வளைத்துத் துரத்துகின்ற காட்சி கற்பிட்டிக் கடலில் அரிதன்று. படகோட்டிகள் பெரும்பாலும் ஊரவர்களே. கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள பெரும் பவளப் பார் 1992ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டது. 1998இல் கடல் வெப்பமேறிப் பவளங்கள் வெளிறி மடிந்தன. ஆண்டுகள் பல கழித்துத் தளிர்த்தன. 2016இல் மீண்டும் வெளிறின. உலகம் வெப்பமடைவதைக் கற்பிட்டி மீனவன் தடுக்க முடியாது. ஆனால், நோயுற்றிருக்கும் பாரின்மேல் நங்கூரத்தை எறியாதிருக்க அவனால் முடியும். அதன்மேல் மிதிக்காதிருக்க விருந்தினராலும் முடியும்.

நேயர்களே, உங்களுள் யாரேனும் அத்தீவுகளைக் காணப் புறப்படும்போது, கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னே வேறு சிலவற்றை விசாரியுங்கள். இந்த வீடு யாருடையது? காணியின் சொந்தக்காரர் இவ்வூரிலே வாழ்கின்றாரா, அல்லது ஊரவர் பெயரிலே வேறொருவர் நடத்துகின்றாரா? தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? குப்பை எங்கே போகின்றது? கரைவலைக்காரர் இவ்வழியே நடக்க முடிகின்றதா? உல்லாசப் பயணத்துறை அபிவிருத்தி அதிகார சபை வீடுகளிலே விருந்தினர் தங்கும் முறையையும் பதிவு செய்கின்றது; அந்தப் பதிவு உண்டா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்கின்ற விருந்தினரை நல்ல வீட்டுக்காரர் வெறுப்பதில்லை.

போகும்போது சில சிரமங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றிலே கடல் கொந்தளித்தால் படகோட்டி வரமாட்டேன் என்பான், அவனை வற்புறுத்தாதீர்கள். குளிக்க அளவாகவே நீர் கிடைக்கும். அன்று வலையில் அகப்பட்டதே அன்றைய கறி. கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதை எரிக்கவோ புதைக்கவோ தீவிலே இடமில்லை.

இபின் பதூதாவுக்குக் கிடைத்த பல்லக்கு நமக்குக் கிடைக்காது. ஆனால், மாலையிலே படகு கரையேறும்போது வீட்டுக்காரரோடு சேர்ந்து நீங்களும் ஒரு கை கொடுத்துத் தள்ளலாம். அன்றிரவு உங்களுக்கு முன்னே சோறு வைப்பவர், தம் கரையிலே, தம் கூரையின் கீழ், தமக்குரிய உணவைப் பகிர்பவராக இருப்பார். அவர் அந்தக் கரையிலே தொடர்ந்து வாழ்வதற்கு நீங்கள் கொடுக்கும் வாடகையும் ஒரு துணையாகட்டும்.