தலைமை மாறும் காலம்



ஒரு சங்கீத சபையின் பெருமையை அளக்க விரும்புவோர், அதன் மேடையேறிய வித்துவான்களின் பெயர்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்ற எனக்கு வேறோர் அளவுகோல் தோன்றுகிறது. சபையை நெடுங்காலம் நடத்தியவர் விலகிய மறு ஆண்டில், வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில், மண்டபத்தில் விளக்கு ஏற்றப்பட்டதா என்பதே அந்த அளவுகோல். பள்ளிக்கும் இதுவே பரீட்சை. தலைமையாசிரியர் மாற்றலாகிச் சென்ற மறுநாள் காலையிலும் மணி அடிக்க வேண்டும். வருகைப் பதிவேடு விரிய வேண்டும்.

இந்தப் பரீட்சையில் தேறிய ஒரு சபையைப் பற்றி இன்று சொல்ல நினைக்கிறேன். அது லண்டன் மாநகரில் தோன்றியது. அங்கே நடந்தவை சேம்பர் இசைக் கச்சேரிகள்.

சேம்பர் இசை என்பது என்ன? மேனாட்டுச் சங்கீதம் என்றதும் நம்மில் பலருக்கு, நூறு பேர் கூடி வாசிக்க, ஒருவர் கையில் சிறு கோலுடன் நின்று அவர்களை நடத்தும் காட்சியே நினைவுக்கு வரும். சேம்பர் இசை அத்தகையது அன்று. இரண்டு பேர் முதல் எட்டு, ஒன்பது பேர் வரை அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கென எழுதப்பட்ட தனிப் பகுதியை வாசிப்பது அது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் சேர்ந்த நால்வர் குழு இவ்வகையில் தலைசிறந்தது. பெரிய அரங்குகளுக்காக அன்றி, மாளிகைகளின் அறைகளுக்காகப் பிறந்தமையால், அறை என்று பொருள்படும் சொல்லே அதன் பெயராயிற்று. அங்கே கோல் ஏந்துபவர் இல்லை. ஒருவர் மூச்சை மற்றவர் உணர்ந்து, ஒருவர் ஓங்கும்போது மற்றவர் அடங்கி வாசிக்க வேண்டும்.

மாளிகை அறையில் வளர்ந்த இந்தக் கலையை ஏழை எளியவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் எழுந்தது. 1878-இல் தொடங்கிய மக்கள் கச்சேரிச் சங்கம் இதற்கு வழிகாட்டியது. அதன் கச்சேரிகள் நடந்த இடங்களுள் ஒன்று, ஃபின்ஸ்பரி பகுதியில் இருந்த சவுத் பிளேஸ் பிரார்த்தனை மண்டபம். 1887-இல் பொருள் முடையால் அச்சங்கம் அங்கே கச்சேரி நடத்த இயலாமற்போயிற்று. அப்போது அம்மண்டபத்தைச் சேர்ந்தவர்களே ஒரு குழு அமைத்து, ஞாயிறு மாலைக் கச்சேரிகளைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அக்குழுவின் காரியதரிசியாக அமைந்தவர் ஆல்ஃபிரட் கிளெமென்ட்ஸ். வந்தவர்கள் தம்மால் இயன்றதை அளித்தார்கள்; எளியவருக்கும் கதவு திறந்திருந்தது.

கிளெமென்ட்ஸ் 1938-இல் மறையும் வரை, ஏறத்தாழ 51 ஆண்டுகள், அந்தப் பணியை விடவில்லை. அவருடைய காலத்திலேயே, 1927-ஆம் ஆண்டில் ஆயிரமாவது கச்சேரி நிறைவெய்தியது. 1929-இல் ரெட் லயன் சதுக்கத்தில் கான்வே மண்டபம் எழுந்தபோது கச்சேரிகளும் அங்கே குடிபெயர்ந்தன. மான்க்யூர் கான்வே என்பவர் அடிமை முறையை எதிர்த்த அமெரிக்கர். சவுத் பிளேஸில் நெடுநாள் உபதேசகராக இருந்தவர். 1880-களில் கீழ்நாடுகளில் யாத்திரை செய்து, நம் சென்னை அடையாற்றுக்கும் வந்து சென்றவர். அவர் நினைவாகவே மண்டபத்துக்கு அப்பெயர் இடப்பட்டது.

நேயர்களே, 51 ஆண்டுகள் ஒருவரே காரியதரிசி! கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. ஒரு சபை ஒருவருடைய உழைப்பிலேயே நிற்குமானால், அவர் சாயும்போது அதுவும் சாய்ந்துவிடாதா? 1938-இல் அந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்க முடியாது. மறு ஆண்டே உலகப் போரும் மூண்டது.

இதற்கு விடையை நான் கணக்கில் தேடுகிறேன். பழைய வாத்தியார் அல்லவா? 1887 முதல் 1927 வரை 40 ஆண்டுகளில் ஆயிரம் கச்சேரிகள். அதாவது ஆண்டுக்குச் சராசரி 25. இரண்டாயிரமாவது கச்சேரி 1969-இல் நடந்தது. இந்த இரண்டாவது ஆயிரத்துக்கு 42 ஆண்டுகள் பிடித்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 24. இடையிலே தூணாக நின்றவர் மறைந்தார். மாபெரும் போர் வந்து போயிற்று. அவ்வளவுக்கும் பிறகு சராசரியில் குறைந்தது ஆண்டுக்கு ஒன்றே ஒன்று! கிளெமென்ட்ஸுக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் வேறு வேண்டுமா? தாம் இல்லாமலும் நடக்கக்கூடிய ஒன்றை அவர் விட்டுச் சென்றார்.

அவருடைய நினைவைப் போற்றிய முறையும் கருதத்தக்கது. புதிதாகச் சேம்பர் இசை இயற்றுவோர்க்கு அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். பழைய தலைவரின் பெயர் புதிய இசைக்குத் தூண்டுகோலாயிற்று. மறைந்தவரின் படத்துக்கு மாலை சூட்டி, அவர் விரும்பியவற்றையே திரும்பத் திரும்ப வாசித்திருந்தால், அது நன்றியாக இருக்கலாம், வளர்ச்சியாக இராது.

இன்னொரு மாற்றம் 2008-இல் நேர்ந்தது. கான்வே மண்டபக் கச்சேரிகளை நடத்திவந்த லண்டன் சேம்பர் இசைச் சங்கம், அவ்வாண்டு புதிதாகத் திறக்கப்பட்ட கிங்ஸ் பிளேஸ் அரங்குக்குச் சென்றுவிட்டது. இது வெறும் தலைமை மாற்றம் அன்று, பிரிவினை. சபை ஓரிடம், மண்டபம் ஓரிடம் என்றாகிவிட்டது. எனினும் கான்வே மண்டபம் இருளடையவில்லை. சைமன் கேலகன் என்னும் பியானோக் கலைஞரின் பொறுப்பில் அங்கே ஞாயிறு கச்சேரிகள் தொடர்ந்தன. சங்கமும் புதிய அரங்கில் தன் கச்சேரிகளை நடத்திற்று. பாகப்பிரிவினைக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது என்று சொல்லலாம்.

நம் ஊர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஓர் உத்தமர் முன்னின்று ஒரு சபையைத் தொடங்குவார். வித்துவான்களின் விலாசம் அவர் மனத்தில் இருக்கும். வரவு செலவு அவருடைய மேஜை அறையில் இருக்கும். மண்டபத்துச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். அவர் படுத்துவிட்டால் ராமநவமி வரும்; பந்தல் வராது. அவருடைய தொண்டில் நான் குறை காணவில்லை. சபையின் சாவியைப் பிறரிடம் கொடுத்துப் பழக்காமையே குறை.

ஆகவே தலைமை மாறும் காலத்துக்கென மூன்று காரியங்களைச் சொல்லத் துணிகிறேன். முதலாவது, விலாசமும் கணக்கும் ஏட்டில் இருக்க வேண்டும். ஏடு பலர் கண்ணில் பட வேண்டும். இரண்டாவது, புதிதாக வருபவர் எதை மாற்றினாலும், முதற் பருவத்தில் நாளையும் நேரத்தையும் மாற்றலாகாது. ரசிகர்களுக்குச் சபை கொடுத்த வாக்கு அதுவே. மூன்றாவது, விலகுபவரைப் பற்றியது. இதுவே மிகக் கடினம். அவர் மேடைக்குப் பின்னால் நின்று கட்டளையிடாமல், சபையிலே ஒரு நாற்காலியில் அமர்ந்து கேட்கப் பழக வேண்டும். ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன்.

நால்வர் குழுவின் இசையிலும் இந்தப் பாடம் அடங்கியிருக்கிறது. ஒரு வாத்தியம் தன் பகுதியை முடித்து ஓயும்போது இசை நிற்பதில்லை. அதுவரை தாழ்ந்து ஒலித்த மற்றொன்று அதை ஏந்திக்கொள்கிறது. ஏந்துவதற்கு ஒருவரைத் தயார் செய்தபின் ஓய்கிறவரே நல்ல தலைவர். நம் சபைகளுக்கும் பள்ளிகளுக்கும் அத்தகையவர்கள் வாய்ப்பார்களாக.