ப்ராக்ல ரெண்டு நாள்: பாலத்துக்கு விடியறதுக்குள்ள போங்க

ப்ராக்ல ரெண்டே நாள், கூட நாலு ஃப்ரெண்ட்ஸ். எல்லாத்தையும் சேர்ந்தே பார்க்கணும்னு பிடிவாதம் பிடிச்சா, பாதி நேரம் யாருக்காவது காத்திருக்கறதுலயே போயிடும். சேர்ந்து போக ஒரே ஒரு இடத்தை முடிவு பண்ணுங்க. என் ஓட்டு சார்லஸ் பாலத்துக்கு. 1357-ல கட்ட ஆரம்பிச்ச கல் பாலம், ரெண்டு பக்கமும் 30 சிலைகள். பத்து மணிக்குப் போனா செல்ஃபி கூட்டத்தைத்தான் பார்ப்பீங்க. சனிக்கிழமை விடியறதுக்குள்ள போயிடுங்க.

அப்போ வெள்ளி ராத்திரி பார்ட்டி? இங்கதான் சண்டை வரும். பீருக்காக வர்ற கும்பலோட சத்தத்துல பழைய நகரத்துக்காரங்களுக்குத் தூக்கமே போச்சு. அதனால 2024-ல, ராத்திரி பத்து மணிக்கு மேல கைடு வச்சு ஒவ்வொரு பப்பா கூட்டிட்டுப் போற பிசினஸையே மாநகராட்சி தடை பண்ணிடுச்சு. நீங்களா போய் உட்காரத் தடை இல்ல. திரும்பும்போது தெருவுல கத்தாதீங்க, அவ்வளவுதான்.

அங்க யூரோ இல்ல, கொருனா. பெரும்பாலும் கார்டே போதும். தெருவுல நின்னு காசு மாத்தித் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க.

மதியத்துக்கு மேல அவங்கவங்க வழி. சாயங்காலம் ஆறு மணிக்கு, 1410-ல செஞ்ச வானியல் கடிகாரத்துக்குக் கீழ எல்லாரும் கூடிடுங்க. லேட்டா வர்றவங்க செலவுல பீர்.