நேரில் போய் எழுதிய ராஜம் கிருஷ்ணன் அம்மா

"நீதான் பத்தாவது வரைக்கும் படிச்சவளாச்சே, ஏதாவது பேசு"ன்னு சொன்னாங்க. கடன், வட்டி, தணிக்கை எல்லாம் மத்தவங்க பேசிடுவாங்க. நான் ஒரு நாவலாசிரியரைப் பற்றிப் பேசுகிறேன். பெயர் ராஜம் கிருஷ்ணன்.

1925-இல் முசிறியில் பிறந்தவர். அதுவும் காவிரிக் கரைதான். பதினைந்து வயதில் கல்யாணம். காலேஜ் படிப்பு கிடையாது. வீட்டுக்காரர் மின்சார இன்ஜினியர். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினார். 1973-இல் 'வேருக்கு நீர்' நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது.

பரிசை விட எனக்குப் பிடித்தது அவர் எழுதின விதம். கற்பனைன்னா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தானா வரும்னு நினைக்கிறோம். இவர் அந்தந்த ஊருக்கே போய்விடுவார். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். நீலகிரி படுகர் மக்களைப் பற்றி 'குறிஞ்சித் தேன்'. நம்ம தஞ்சாவூர் வயலில் கூலிக்கு இறங்குகிறவர்களைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்'. ஆரம்பம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், விட்டுடாதீங்க.

இன்னொரு புத்தகம் 'பாதையில் படிந்த அடிகள்'. அது மணலூர் மணியம்மை கதை. திருவாரூர்ப் பக்கம் மணலூர். சின்ன வயதிலேயே கணவரை இழந்த பிராமண வீட்டுப் பெண். அந்தக் காலத்தில் மூலையில் உட்காரவைத்திருப்பார்கள். இவரோ முடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பண்ணையாட்களுக்காகச் சேரிக்குள்ளேயே போய் நின்றார். அவர் இறந்து பல வருஷம் கழித்து, அவரைத் தெரிந்தவர்களை ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகத் தேடிப்போய்க் கேட்டார். 1991-இல் புத்தகம் வந்தது. அவர் போய்க் கேட்காவிட்டால், அந்த அம்மாவைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்குமா?

கடைசிக் காலம்தான் கஷ்டம். கணவர் போனபிறகு, நம்பியவர்களால் பணத்தை இழந்து முதியோர் இல்லத்துக்குப் போனார். பிறகு சென்னை போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2014 அக்டோபரில் அங்கேதான் காலமானார். எத்தனையோ பேர் பாட்டை எழுதினவருக்குச் சொந்த பந்தம் இல்லாதவர்கள்தான் சோறு கொடுத்து, மருந்து கொடுத்தார்கள். இதைப் படித்த அன்னிக்கு எனக்கு வேலையே ஓடலை.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். கூட்டத்துக்கு வராதவங்களுக்கு அபராதம்னு வச்சிருக்கோம். சோம்பலுக்கு அது சரி. எங்க குழுவில் ஒரு பெரியம்மா, ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர். முட்டி வலியால் மூணு மாசமா படி இறங்க முடியலை. வருகைப் பதிவேட்டில் அவர் பேருக்கு நேரா கோடு, பக்கத்தில் அபராதத் தொகை. அந்தக் கோட்டைப் பார்க்கிறப்போ எனக்குப் பொறுக்கலை. அறுபது தாண்டி, நடக்க முடியாதவங்களுக்கு அபராதம் வேண்டாம்னு தீர்மானம் போடணும். மாசத்தில் ஒரு கூட்டத்தை அவங்க வீட்டுத் திண்ணையிலேயே வைக்கலாம். தலைவி அக்கா கோபிச்சுக்கக் கூடாது, இதை இன்னிக்கே எடுத்துக்கணும்.

போறப்போ ஒரு நோட்டும் எடுத்துக்கிட்டுப் போவோம். கூலியை நெல்லா அளந்து வாங்கினது, நடவுப் பாட்டு, பிரசவத்துக்கு முதல் நாள் வரைக்கும் களை பறிச்சது எல்லாம் அவங்க வாயில்தான் இருக்கு. இப்போ நடவு மெஷின் வந்துடுச்சு, அந்தப் பாட்டு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுத வராதவங்க சொல்லட்டும், பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க எழுதட்டும். பிழை இருந்தா இருக்கட்டும்.

ராஜம் கிருஷ்ணன் புத்தகங்களை 2009-இல் அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு. அவர் உயிரோடு இருந்தப்பவே. அதனால் பல நாவல்களை ஃபோனில் காசில்லாமல் படிக்கலாம். எடுக்கத் தெரியாதவங்க சாப்பாடு முடிஞ்சதும் என்கிட்ட வாங்க, காட்டித் தர்றேன்.