அம்மாவோட வேப்பரைசரும் நான் சொன்ன 'கொஞ்சம்' உப்பும்

இன்னைக்கு எபிசோட் கோட் பத்தி இல்ல. 'ஆவி பிடிக்கிற மெஷின்' பத்தி. ஸ்கிப் பண்ணிடாதீங்க, உங்க வீட்டு அலமாரியிலயும் ஒண்ணு இருக்கும்.

எனக்கு ஊர் கெலமங்கலம். வேலை பெங்களூர்ல. டிசம்பர் வந்தா எங்க பக்கம் காலையில பனி, வீட்டுக்கு வீடு சளி. போன டிசம்பர்ல ஒரு நாள் ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. "டேய், மெஷின்ல ஆவியே வரல. லைட் எரியுது, தண்ணி சூடாகல."

நான் மீட்டிங்ல இருந்தேன். ஒரு காதுல அம்மா, இன்னொரு காதுல மேனேஜர். 'வேப்பரைசர், ஆவி வரல'ன்னு இங்கிலீஷ்ல தேடினேன். வந்ததெல்லாம் வெளிநாட்டுக்காரங்க காய்ஞ்ச இலையைப் போட்டு இழுக்குற ட்ரை ஹெர்ப் வேப்பரைசர். 180 டிகிரில வை, சல்லடையை சுத்தம் பண்ணுன்னு ஒரே அட்வைஸ். நம்ம ஊர் வேப்பரைசர் வேற ஜாதி. அதுல இருக்கறது வெறும் கொதிக்கிற தண்ணி. எங்க பக்கம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அதனால தண்ணி 97 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும்.

கடைசியா ஒரு இடத்துல 'உப்பு சேர்க்கவும்'னு பார்த்தேன். "ம்மா, கொஞ்சம் உப்பு போடு, சரியாயிடும்"னு சொல்லிட்டு கட் பண்ணிட்டேன். டிக்கெட் க்ளோஸ்!

அம்மாவுக்குக் 'கொஞ்சம்'னா சாம்பாருக்குப் போடுற அளவு. ஒரு ஸ்பூன் போட்டிருக்காங்க. தண்ணி பொங்கி, மூடி வழியா தெறிச்சு, இடது மணிக்கட்டுல விழுந்து கொப்புளம். அதையும் எனக்குச் சொல்லல. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தழும்பைப் பார்த்துதான் தெரிஞ்சுது. "நீ வேலையா இருந்தேடா"ன்னாங்க. அன்னைக்கு உட்கார்ந்து அந்த மெஷினைப் பிரிச்சுப் பார்த்தேன். முதல்லயே பார்த்திருக்கணும்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். கெட்டில்ல ஒரு காயில் சூடாகி, அந்தச் சூடு தண்ணிக்குப் போகும். ஆனா விலை கம்மியான பல வேப்பரைசர்ல காயிலே கிடையாது. ரெண்டு உலோகத் தகடு மட்டும்தான். கரண்ட் ஒரு தகட்டுல இருந்து தண்ணி வழியா இன்னொண்ணுக்குப் போகுது, அதுல தண்ணி சூடாகுது. அதாவது தண்ணியேதான் காயில்.

இப்போ யோசிங்க. அந்த மாசம்தான் அப்பா புதுசா ஆர்.ஓ. ஃபில்டர் மாட்டியிருந்தார். ஆர்.ஓ. தண்ணியில உப்புச்சத்து ரொம்பக் கம்மி, கரண்ட் சரியா பாயாது. மெஷின் கெட்டுப்போகல, தண்ணிதான் மாறிப்போச்சு. ஸ்பூன் கணக்குல உப்பு போட்டா நேர் எதிர்: கரண்ட் எகிறும், தண்ணி பொங்கித் தெறிக்கும், ஃபியூஸும் போகலாம்.

அதனால ஆவி வரலைன்னா இந்த வரிசையில பாருங்க.

முதல் வேலை, பிளக்கைக் கழட்டுங்க. சுவிட்சை ஆஃப் பண்ணா பத்தாது, கழட்டணும். இந்த மெஷின் ஓடும்போது தண்ணியிலேயே கரண்ட் இருக்கு. விரலை விட்டு 'சூடாச்சா'ன்னு பார்க்கவே கூடாது.

ரெண்டாவது, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. ரெண்டு தகடோ கம்பியோ தெரிஞ்சா, நான் சொன்ன வகை. வழவழப்பா ஒரே தட்டு இருந்தா அது ஹீட்டர் வகை, அதுக்கு உப்பே வேண்டாம்.

மூணாவது, தகடு வகைன்னா ஆர்.ஓ. தண்ணியோட பாதி குழாய்த் தண்ணி கலந்து பாருங்க. அப்பவும் வரலைன்னா ரெண்டு விரல்ல எடுக்குற ஒரு சிட்டிகை உப்பு. ஒரு தடவைதான்.

நாலாவது, தகட்டுல வெள்ளையா படிஞ்சிருக்கா? எங்க ஊர் போர் தண்ணிக்கு அது சகஜம், பக்கெட்ல கூட படியும். அது கால்சியம், மெக்னீசியம் உப்பு. வினிகரும் தண்ணியும் சரிபாதி, இல்ல எலுமிச்சைச் சாறு ஊத்தி அரை மணி நேரம் விடுங்க. நுரைச்சு இளகும். கத்தி, கம்பி நார் போட்டுச் சுரண்டாதீங்க. நல்லா அலசிக் காய வைங்க. தண்ணியை உள்ளயே விட்டு வைக்காதீங்க.

அடுத்து, நொச்சி, துளசி, யூகலிப்டஸ் தைலம். எங்க பாட்டி காலத்துல பானையில போட்டது சரி, மெஷினுக்குள்ள போடாதீங்க. இலைத் துணுக்கு துவாரத்தை அடைக்கும், தைலம் சில பிளாஸ்டிக்கை அரிச்சு விரிசல் விட வைக்கும். இலை வேணும்னா தனிக் கிண்ணத்துல வெந்நீர் ஊத்திப் பக்கத்துல வைங்க, வாசம் வரும்.

ஆவி சளியைக் குணப்படுத்தாது, மூக்குக்குக் கொஞ்சம் இதமா இருக்கும், அவ்வளவுதான். ஆனா தீக்காயம் நிஜம். 2020ல கொரோனா சமயத்துல பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் லேன்செட் இதழ்ல எழுதினாங்க: ஆவி பிடிக்கப் போய் வெந்துபோன குழந்தைகள் வழக்கத்தை விட 30 மடங்கு. அதனால சின்னப் பசங்களுக்கு இது வேண்டாம். ஆஸ்துமா இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுக்கங்க. வெந்நீர் பட்டுட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. டூத்பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். அம்மா டூத்பேஸ்ட்தான் தடவியிருந்தாங்க. அதையும் நான் சொல்லியிருக்கலாம், போனைக் கட் பண்ணாம இருந்திருந்தா.

இப்போ அந்த மெஷின் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்: 'பிளக்கைக் கழட்டு. ஒரு சிட்டிகை.' அதைப் பார்த்துட்டு அம்மா சிரிச்சாங்க. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

ஆமாம்மா, சொல்லியிருக்கலாம்.

இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது அந்த மெஷின்ல எந்தத் தண்ணி ஊத்துறாங்கன்னு ஒரு தடவை கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் கட் பண்ணாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.