சமபந்தியும் சம்பந்தியும்

(வளவனூரில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சம்பந்தி.

பெண்ணைப் பெத்தவரும் பிள்ளையைப் பெத்தவரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்கிற சொல் இது. வடமொழியிலிருந்து வந்தது. 'கொண்டான் கொடுத்தான்' என்று நம் கிழவிகள் சொன்னதும் இதைத்தான். கல்யாணத்தால் வருகிற மற்ற உறவுகள் பலவற்றில் மேல் கீழ் இருக்கிறது. மாமனாருக்கு எதிரே மருமகன், மாமியாருக்கு எதிரே மருமகள். சம்பந்திக்கு எதிரே சம்பந்திதான். நான் உனக்கு என்னவோ அதுவே நீ எனக்கு. வரதட்சணை வாங்குகிறவன் நடைமுறையில் இதைக் கெடுத்து வைத்திருக்கிறான். ஆனாலும் சொல்லுக்குள் இருப்பது சமத்துவம். அதனால்தான் சாதி இந்து நம்மைப் பார்த்து இதைச் சொல்லக் கூசுகிறான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்த்தெருவில் வேறு வேறு சாதிக்காரர்கள்கூட 'என்னா மாமா', 'வா மச்சான்' என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறை சேரி வரப்போடு நின்றுவிடும். அறுபது வயசுத் தாத்தாவை அங்கிருந்து வருகிற பொடியன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தாத்தா அவனைச் 'சின்ன ஆண்டை' என்பார்.

அப்புறம் சமபந்தி வந்தது. ஆகஸ்ட் 15 அன்று கோயிலில் அதிகாரிகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். எழுதிப் பாருங்கள். சமபந்திக்கும் சம்பந்திக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். அரசாங்கம் சமபந்தி வரைக்கும் வரும். அந்தப் புள்ளியை வைக்க ஊர் விடாது.

இதை 1936-லேயே அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் சொல்லிவிட்டார். லாகூர் மாநாட்டுக்காக எழுதினார். அழைத்தவர்களே மாநாட்டை ரத்து செய்ததால் தானே அச்சிட்டு வெளியிட்டார். சேர்ந்து சாப்பிடுவதால் சாதி சாகவில்லை, கலப்பு மணம்தான் மருந்து, அதற்குக் குறுக்கே நிற்கிற சாஸ்திரங்களின் புனிதத்தை உடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அகமணமுறைதான் சாதியின் உயிர்நிலை என்பதை 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் எடுத்துக்காட்டியிருந்தார்.

சாதி மாறிச் செய்த இந்துத் திருமணம் செல்லும் என்று 1949-ல் சட்டம் வந்தது. கலப்பு மணத்துக்கு நிதியுதவியும் உண்டு. ரிஜிஸ்தர் ஆபீஸ் ரெண்டு பேரைப் புருஷன் பெண்டாட்டி ஆக்கும். ரெண்டு குடும்பத்தைச் சம்பந்தி ஆக்க எந்த ஆபீசாலும் முடியாது.

2003-ல் விருத்தாசலம் அருகே நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கண்ணகியும் முருகேசனும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். ரெண்டு பேருக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். பிணத்தைக்கூடத் தனித்தனியாக எரித்தார்கள். 18 வருஷம் கழித்து, 2021-ல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் பெண்ணின் தகப்பனும் உண்டு, அண்ணனும் உண்டு. ஒருவர் முருகேசனின் தகப்பனுக்குச் சம்பந்தி. இன்னொருவர் முருகேசனுக்கு மச்சான். உறவாக வேண்டியவர்கள் கூண்டில் நின்றார்கள்.

என் கதைக்கு வருகிறேன். என் மகள் கட்டியிருப்பது ஊர்த்தெருப் பையனை. நல்ல பையன். பிரசவ வார்டு வாசலில் நானும் அவன் அப்பாவும் நின்றோம். 'நீங்க ரெண்டு பேரும் யாரு?' என்று நர்ஸ் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: 'நான் பையனோட அப்பா. இவரு தெரிஞ்சவரு.' ரெண்டு பேருக்கும் ஒரே பேத்தி, தோழர்களே. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

அவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட முடியாது. நமக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் வீட்டில் நம்மில் எத்தனை பேர் பெண் எடுத்திருக்கிறோம், பெண் கொடுத்திருக்கிறோம்? அருந்ததியர் வீட்டில்? பறையர், பள்ளர் என்று மேடையில் ஒன்றாக நிற்கிறோம். பத்திரிகை அடிக்கும்போது பிரிந்துவிடுகிறோம். 'தலித்' என்று ஒரே பேர் வைத்துக்கொண்டோம், சம்பந்தி ஆனோமா? ஊர் நமக்கு மறுத்த சொல்லை நாம் இன்னொருத்தருக்கு மறுத்தால் அதுவும் சாதிதான்.

காதலிக்கச் சொல்லி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. அப்படி ஒரு ஜோடி உங்கள் தெருவுக்கு வந்தால் காவலுக்கு நில்லுங்கள். பெத்தவர்களிடம் போய்ப் பேசுங்கள். ஒரு தடவை கதவைச் சாத்தினால் பத்துத் தடவை போங்கள். நானும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வருகிற மாதம் பேத்திக்குக் காது குத்து. அவர் வீட்டுக்கு நானே நேரில் போய், தெருவில் நாலு பேர் கேட்க, 'சம்பந்தி, வந்துடுங்க' என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன்.

ஜெய் பீம்.