ரோடு அகலமானால் போதுமா? உயிருக்கு உத்தரவாதம் எங்கே?

(போடி வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

  

நாம் யாரும் ரோடு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இல்லை. ரோடு இல்லாத கஷ்டம் நமக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்பில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றும் அகமலைப் பக்கமும் குரங்கணிக்கு மேலேயும் காப்பியும் மிளகும் குதிரை முதுகில் இறங்குகிற ஊர்கள் உண்டு. ஆகவே ரோடு வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட ரோடு? அதுதான் கேள்வி.

கொச்சியிலிருந்து தனுஷ்கோடி போகும் நெடுஞ்சாலை நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது. முன்பு 49-ஆம் நம்பர், நம்ம பக்கம் இப்போது 85. இதில் மூணாறிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை 2017-இல் தொடங்கியது. 380 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2024 ஜனவரியில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி திறந்து வைத்தார். பார்க்க அழகான ரோடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன?

தேவிகுளம் தாண்டி கேப் ரோட்டில் மலையை வெடி வைத்து வெட்டினார்கள். 2019 அக்டோபரில் மலை சரிந்து வேலையில் இருந்த தொழிலாளி உயிர் போனது. 2020 ஜூனில் மறுபடி சரிந்தது. பாறையும் மண்ணும் எங்கே போய் விழுந்தது? கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தில்! ரோடு போடுகிறவர் மேலே இருக்கிறார், மண் விழுவது கீழே இருக்கிற சிறு விவசாயி தலையில். 2025 அக்டோபரில் இதே நெடுஞ்சாலையில் அடிமாலி பக்கத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. ஒருவர் இறந்தார், அவர் மனைவி படுகாயம் அடைந்தார். ரோட்டுக்காக மலையை நெட்டுக்குத்தாக வெட்டியதுதான் காரணம் என்று அந்த ஊர் மக்கள் சொன்னார்கள்.

இதை எதற்குச் சொல்கிறோம்? நம்ம பக்கத்திலும் மலை இருக்கிறது, மழை இருக்கிறது. முந்தலிலிருந்து மெட்டு வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவு. கேரளப் பக்கம் ரோடு நன்றாக ஆனதும் சுற்றுலா வண்டியும் லாரியும் கூடிவிட்டன. அங்கே விட்டு அடித்து வந்த வேகத்தோடு மெட்டைத் தாண்டி இறங்கினால், வளைவு தெரியாத வெளியூர் டிரைவர் என்ன செய்வார்? எதிரே ஏறி வருவது யார்? விடியக் காலையில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிற நம்ம பெண்கள் நிறைந்த ஜீப்!

குமுளி மலைப்பாதையில் 2022 டிசம்பரில் கார் பள்ளத்தில் விழுந்து ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் ரோடு விபத்தில் செத்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க 1,68,491 பேர். தலைவிதி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா?

ஒரு விஷயத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கக் கணக்கில் ‘விபத்துக் கரும்புள்ளி’ என்று ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று வருஷத்தில், சாவு அல்லது கொடுங்காயம் ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பத்துப் பேர் செத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் பட்டியலில் ஏறும், பணம் ஒதுக்குவார்கள். நம்ம மலையில் என்ன நடக்கிறது? ஜீப் கவிழ்ந்து கை கால் முறிந்தால், “கேசு வேண்டாம்மா, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கிறோம்” என்று பேசி முடித்துவிடுகிறார்கள். கேசு இல்லை என்றால் கணக்கு இல்லை. கணக்கு இல்லை என்றால் தடுப்புச் சுவர் இல்லை. அடுத்த வருஷம் அதே வளைவில் அடுத்த ஜீப்! ஆகவே அடிபட்டால் ஸ்டேஷனில் எழுதி வையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்குங்கள். அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். இழப்பீடு கேட்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ரோட்டைத் திட்டம் போட்ட அதிகாரி, கட்டிய கான்டிராக்டர், பராமரிக்கிறவர் பாதுகாப்பு விதியைக் கடைப்பிடிக்காமல், அதனால் உயிர் போனாலோ ஊனமானாலோ, ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு உயிருக்கு ஒரு லட்சம் என்பது கேவலம்தான். ஆனாலும் டிரைவர் மட்டுமே குற்றவாளி இல்லை, ரோடு போட்டவரும் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேலை நடக்கிறது, நடக்கிறது என்கிறார்கள். எவ்வளவு நடந்தது என்று எதை வைத்துப் பார்ப்பது? தார் மினுமினுப்பை வைத்தா? மலை ரோட்டுக்கு எமன் தண்ணீர். மேலே இருந்து வரும் தண்ணீர் ஓரத்து வாய்க்காலில் ஓடி, பாலத்தடியில் புகுந்து, ஓடைக்குப் போக வேண்டும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இறங்கி மண்ணை இளக்கும். பிறகு ஒரு நாள் ராத்திரி ரோடே இருக்காது. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் நம்ம பக்கம் மழையும் மும்முரம். பாறை விழுந்து பாதை அடைத்தால் மூட்டை போடி ஏலத்துக்கு வராது, கூலிக்குப் போனவர் வீடு திரும்ப முடியாது. 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் மலைக்கு மேலே ரயில் போகாதே!

ஆகவே நம்ம கோரிக்கைகள் இவை:

1. தாருக்கு முன்னால் வாய்க்கால். ஐப்பசி பிறக்கும் முன் மெட்டுப் பாதையில் உள்ள ஒவ்வொரு பாலத்தடியையும் தூர் வார வேண்டும்.

2. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர், எதிர் வண்டி தெரியக் கண்ணாடி, மூடுபனியிலும் மின்னும் பட்டை வேண்டும்.

3. வெட்டுகிற மண்ணை ஓடையிலும் விவசாய நிலத்திலும் தள்ளக் கூடாது. தள்ளினால் அள்ளிக்கொண்டு போய், பயிருக்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும்.

4. என்ன வேலை, எவ்வளவு பணம், யார் கான்டிராக்ட், எப்போது முடியும், எத்தனை வருஷம் பராமரிப்புப் பொறுப்பு என்று தமிழில் போர்டு வைக்க வேண்டும்.

5. காலையும் மாலையும் தோட்டத் தொழிலாளிக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும். பஸ் இருந்தால் ஒரு ஜீப்பில் இருபது பேர் ஏற வேண்டியதில்லை.

6. ரோட்டுக்கு நிலம் எடுத்தால் 2013 சட்டப்படி முழு இழப்பீடு வேண்டும். நோட்டீஸ் வெளியானால் 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் மறக்க வேண்டாம். நாள் தாண்டினால் பேச்சு எடுபடாது.

நம்ம வீட்டுப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. மலைப்பாதையில் இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது விதி, தயவு இல்லை. ஜீப் ஓட்டுகிற தம்பிகள் இதைக் கடைப்பிடித்துக் காட்டினால்தான் வெளியூர்க்காரனைத் தட்டிக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

அடுத்து வருகிற கிராம சபையில் இந்த ஆறையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நகலை எடுத்துக்கொண்டு தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வாருங்கள். ஒருவர் வந்தால் மனு, ஐந்நூறு பேர் வந்தால் போராட்டம்! அதற்கும் அசையாவிட்டால் முந்தலில் மக்களைத் திரட்டி உட்காருவோம்.

ஏலக்காய்க்கு விலை போனால் அடுத்த எடுப்பில் பார்த்துக்கொள்ளலாம். பள்ளத்தில் போன உயிர் எந்த எடுப்பிலும் திரும்பாது.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! பாதுகாப்பான பாதையைப் பெற்றே தீருவோம்!