மீன் தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. செய்திமடலுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



கொளத்தூர் மீன் கடைகள் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு மீன் வாங்குவது சுலபம். வாங்கிய மீன் ஒரு மாதம் தாண்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. மீன் செத்தால் நாம் வழக்கமாகச் சொல்வது இரண்டு. ஒன்று, "கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்." மற்றொன்று, "வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது." இரண்டாவது மனசுக்கு ஆறுதல்தான். ஆனால் அதோடு காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அடுத்த வாரம் புது மீன் அதே தண்ணீரில் இறங்குகிறது. குழந்தை மறுபடியும் அழுகிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மீனுக்கு மருந்து தேடும் முன் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

அமோனியா என்ற பெயரை எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடிவந்தார்கள். மீனும் தன் செவுள் வழியாக அமோனியாவைத்தான் கழிவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான் உருவாகும். ஓடுவதற்கு மீனுக்கு இடம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதைக் கையாள இயற்கையே ஆள் வைத்திருக்கிறது. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் வளரும் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த பாக்டீரியா போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன் விட்டால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவது இதனால்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். உள்ளே விஷம் இருக்கும்.

அடுத்து, நம் தண்ணீர். ஒரே குழாயில் மூன்று வகைத் தண்ணீர் வருகிறது. மெட்ரோ வாட்டரில், 2010-இல் தொடங்கிய காட்டுப்பள்ளி ஆலையில் சுத்திகரித்த கடல்நீரும் நம் பகுதிக்கு வந்திருக்கிறது. அதில் உப்பு குறைவு, குளோரின் உண்டு. போர் தண்ணீர் இதற்கு நேர் எதிர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டு காலப் பிரச்சினை. கடலோரமாக இருக்கும் நம் போரிலும் உப்பு இருப்பதில் ஆச்சரியமில்லை. மூன்றாவது டேங்கர் லாரி. அதன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரியாது.

போன வாரம் மெட்ரோ வாட்டர், இந்த வாரம் போர் என்று மாறினால் மனிதர்களுக்குச் சோப்பு நுரைக்காது, அவ்வளவுதான். மீனுக்கு அது பெரிய அதிர்ச்சி. இன்னொன்று: பி.எச். ஒரு புள்ளி ஏறினால், நச்சாக இருக்கும் அமோனியாவின் அளவு சுமார் பத்து மடங்கு ஆகும். பி.எச். 7-இல் மீன் தாங்கிய அமோனியா, 8-இல் அதைக் கொன்றுவிடும்.

வீட்டில் ஆர்.ஓ. இருப்பவர்கள் டி.டி.எஸ். மீட்டரை நம்பிவிடுகிறார்கள். அது கரைந்திருக்கும் உப்பின் அளவை மட்டும் சொல்லும். அமோனியாவையோ குளோரினையோ சொல்லாது. அமோனியா, நைட்ரைட், பி.எச். பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

மீன் சரியில்லை என்றால், எப்போது, எத்தனை மீன் என்று பாருங்கள்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லா மீனும் தவித்தால் குளோரினாக இருக்கலாம். மாற்றும் தண்ணீரை முதல் நாளே பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு வையுங்கள். அவசரத்துக்குக் கடையில் 'ஆன்டி குளோரின்' கிடைக்கும்.

விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் ஆக்ஸிஜன் போதவில்லை. 30 டிகிரி சூட்டில் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடித்து வைக்கும். இதில் கரண்ட் மிச்சம் என்று இரவில் ஃபில்டரை நிறுத்துவது வேறு நடக்கிறது. 10 வாட் ஃபில்டர் இரவு பகலாக ஓடினாலும் மாதம் 7 யூனிட்தான். நிறுத்தினால் மீனும் திணறும், பாக்டீரியாவும் சாகும்.

வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துப் போடுவதில் பலன் இல்லை, அது பாக்டீரியாவுக்கான மருந்து. வெள்ளைப் புள்ளிக்கான மருந்தும், ஒட்டுண்ணி தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் அதைக் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்தவுடன் நிறுத்தாதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் நாள் வரை கொடுங்கள்.

அமோனியா ஏறியிருந்தால் தீனியை நிறுத்துங்கள். நன்றாக வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துக் கழுவாதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் அதிலிருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மீன் வாங்கும்போதும் நம் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பி, மாலி போன்றவை உப்பும் கடினமுமான தண்ணீரைத் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் தாங்காது. இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டியில் பிடிப்பது 56 லிட்டர்தான். அதில் நாலு கோல்டு ஃபிஷ் அதிகம்.

2023 மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாமல் நாம் இருந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் தீனி வேண்டாம். ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் ஆக்ஸிஜன் சேரும். மழைக்காலத்துக்கு முன் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

மீன் வளர்ப்பே வேண்டாம் என்று முடிவு செய்தால் வேறு வீட்டுக்குக் கொடுங்கள். கோயில் குளத்திலோ கொசஸ்தலை ஆற்றிலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

முடிக்கும் முன் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். சம்ப், மாடித் தொட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போடும் தேதியை இரண்டு நாள் முன்னதாக வாட்ஸ்அப் குழுவில் தெரிவியுங்கள். அன்றும் மறுநாளும் யாரும் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றாமல் இருந்துகொள்வோம். அடுத்து, அன்றைக்கு சம்பில் ஏறியது மெட்ரோவா, போரா, லாரியா என்று லிஃப்ட் பக்கத்துப் பலகையில் வாட்ச்மேன் அண்ணனை எழுதச் சொல்லுங்கள். செலவு ஒரு சாக்பீஸ். மீனுக்காகக் கேட்டாலும், குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பவர்களுக்கும் அந்தத் தகவல் உதவும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். தொட்டித் தண்ணீர் கொண்டு வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், டெஸ்ட் கிட் இங்கேயே இருக்கிறது, பார்த்துவிடுவோம்.